நெய் உருகும், பனீர் உருகாது, சீஸ்?



‘உருகுதல்’ என்ற ஒரே சொல்லால் நாம் பல வேறுபட்ட நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டு விடுகிறோம். மெழுகு உருகுகிறது என்கிறோம், சரி. பாகு காய்ச்சும்போது வெல்லம் உருகிவிட்டது என்கிறோம். உண்மையில் அது உருகவில்லை, தண்ணீரில் கரைந்திருக்கிறது. மூடாத டப்பாவில் வைத்த கற்பூரம் உருகிப்போய்விட்டது என்கிறோம். அதுவும் உருகவில்லை, திண்மமாக இருந்தபடியே ஆவியாகிப் போயிருக்கிறது. அதற்குப் பதங்கமாதல் என்று பெயர்.

உருகுதலை அதன் சரியான பொருளில் காண வேண்டுமானால் எங்கள் திருவண்ணாமலைக்கு வாருங்கள். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஒரு பெரிய கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை நிரப்பி, காடாத் துணியால் ஆன திரியை ஏற்றுகிறார்கள். கார்த்திகை மாதக் குளிரிலும் மலைக்காற்றிலும் நெய் உறைந்துதான் இருக்கும். உறைந்த நெய் திரியில் ஏறாது. சுடரின் வெப்பம் அருகிலுள்ள நெய்யை உருக்குகிறது. உருகிய நெய் துணி இழைகளுக்கிடையே நுண்புழைகளின் வழியே மேலேறி, ஆவியாகி எரிகிறது. எரியும் சுடர் மீண்டும் கொஞ்சம் நெய்யை உருக்குகிறது. ஆக, பல மைல் தொலைவிலிருந்து தெரியும் அந்தத் தீபம், தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே உருக்கிக்கொள்ளும் ஒரு சாதனம். நெய் என்பது பல வகைக் கொழுப்புகளின் கலவை. ஆதலால் பனிக்கட்டியைப்போல ஒரே வெப்பநிலையில் உருகாமல், அறை வெப்பநிலையிலேயே நெகிழத் தொடங்கி, 40 டிகிரி செல்சியசுக்குள் முழுவதும் நீர்மமாகிவிடுகிறது.

நெய் பாலிலிருந்து வருவது. பனீரும் பாலிலிருந்து வருவதுதான். ஒரு துண்டுப் பனீரைத் தோசைக் கல்லில் போட்டுப் பாருங்கள். சிவக்கும், முறுகும், கடைசியில் கருகும்; ஆனால் உருகவே உருகாது. அதே கல்லில் ஒரு துண்டு சீஸைப் போட்டால் அரை நிமிடத்தில் தளர்ந்து பரவி ஓடுகிறது. இரண்டும் பாலின் புரதமும் கொழுப்பும் சேர்ந்த கட்டிகள்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

(அகராதிகள் சீஸைப் பாலாடைக்கட்டி என்கின்றன. பாலின் மேல் படியும் ஆடைக்கும் இதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. ஆகையால் கடைக்காரர் சொல்லும் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன்.)

இந்தக் கேள்வியை ஒரு விருந்தின் வழியாக ஆராய்வோம். சுவிட்சர்லாந்தில் ஃபாண்டூ என்று ஓர் உணவு உண்டு. சீஸை ஒரு சட்டியில் இளக்கி, மேசை நடுவே சிறு அடுப்பின்மேல் வைத்துவிடுவார்கள். விருந்தினர்கள் சுற்றி அமர்ந்து, நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டியில் தோய்த்து உண்பார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்கே ‘உருகியது’ என்றுதான் பொருள். சீஸை மதுவில் இட்டுக் காய்ச்சும் முறை 1699-ஆம் ஆண்டிலேயே ஜூரிக் நகரத்துச் சமையற் குறிப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அது அந்நாட்டின் தேசிய உணவு என்று பெயர் பெற்றது 1930-களில்தான். பால் உற்பத்தியாளர்களின் சீஸை விற்றுத்தர 1914-இல் ஏற்பட்டு 1999 வரை இயங்கிய சுவிஸ் சீஸ் கூட்டமைப்பு செய்த விளம்பரம் அதில் பெரும் பங்கு வகித்தது. விளம்பரத்தால்கூட ஒரு நாட்டின் ‘பழம் பெருமை’ உருவாகலாம் போலும்!

இது நமக்கு எட்டாத உணவு என்று எண்ண வேண்டாம். ரமணாசிரமத்துக்குப் பல நாட்டவரும் வந்து தங்குவதால், எங்கள் ஊர்ச் செங்கம் சாலைப் பக்கம் ரொட்டியும் சீஸும் வெகு நாட்களாகவே கிடைக்கின்றன. அங்கிருந்து கிழக்கே போனால் ஆரோவில்லில் சீஸ் செய்யவே செய்கிறார்கள். உங்கள் ஊர் மளிகைக் கடைக் குளிர்ப்பெட்டியிலும் ஒரு டப்பா சீஸாவது இருக்கும்.

உங்கள் அக்காவின் கல்லூரித் தோழிகள் ஆறு பேர் மாலையில் வீட்டுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபாண்டூ செய்து தருவதாக அக்கா வாக்களித்துவிட்டாள். ஆறு பேருக்கு 400 கிராம் சீஸ் வேண்டும். கெட்டியான வகைச் சீஸ் ஒரு கிலோ செய்ய ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவை. அப்படியானால் அந்த 400 கிராமுக்குள் 4 லிட்டர் பால் அடங்கியிருக்கிறது. விலையும் அதற்கேற்றபடிதான். அதை வெறும் வாணலியில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் என்ன ஆகும்? அடியில் ரப்பர் உருண்டை ஒன்று; அதன்மேல் மிதக்கும் மஞ்சள் எண்ணெய். விருந்தினர் வாசலில், 4 லிட்டர் பால் வீண். அக்காவைக் காப்பாற்ற வேண்டியது இப்போது பௌதிகமும் வேதியியலும்தான்.

சுண்ணாம்பில்லாத சுவர்

பாலிலுள்ள முக்கியமான புரதத்துக்குக் கேசீன் என்று பெயர். அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் திரண்டு, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் மெல்லிய மயிர்களைப்போன்ற புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு எதிர் மின்னேற்றமும் உண்டு. அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று நெருங்க விடுவதில்லை. பால் பாலாகவே இருப்பதன் இரகசியம் இதுதான்.

இந்தச் சமாதானத்தைக் குலைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி உங்கள் அம்மா பனீர் செய்யும் வழி. கொதித்த பாலில் எலுமிச்சைச் சாற்றை விடுகிறார். அமிலம் சேரச் சேர மின்னேற்றம் குறைந்து, விலக்குவிசை இல்லாமற் போய், கேசீன் உருண்டைகள் நேரடியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பால் முன்பே கொதித்ததால், அதிலிருந்த மற்றப் புரதங்களும் பிரிந்து விரிந்து கேசீனோடு பின்னிக்கொள்கின்றன. இந்தப் பின்னல் வெப்பத்திலேயே உண்டானது. ஆதலால் வெப்பத்தால் அவிழ்வதில்லை. மாடு கன்று ஈன்றதும் கிடைக்கும் சீம்பாலைக் காய்ச்சினால் கட்டியாகிறதல்லவா? வெப்பத்தில் விரிந்து பின்னிக்கொண்ட புரதம்தான் அங்கும். வேக வைத்த முட்டையின் வெள்ளைக் கருவை எவ்வளவு சூடாக்கினாலும் உருக்க முடியாததும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது வழி சீஸ் செய்பவரின் வழி. ரென்னெட் என்ற நொதியைச் சேர்த்தால், அது கேசீன் உருண்டைகளின் மேலுள்ள மயிர்களைச் சிரைத்துவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் நெருங்குகின்றன. அப்போது பாலிலுள்ள கால்சியம், அதாவது நாம் சுண்ணாம்புச் சத்து என்று சொல்வது, அவற்றுக்கிடையே பாலம் போடுகிறது. பழைய கோபுரங்களில் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரை பிணைத்திருப்பதுபோலக் கேசீனைக் கால்சியம் பிணைத்திருக்கிறது. அந்த வலையின் கண்களுக்குள் கொழுப்புத் துளிகளும் நீரும் சிறைப்பட்டிருக்கின்றன. இதுவே சீஸ்.

இதைச் சூடாக்கினால் முதலில் உருகுவது கொழுப்பு மட்டும். அது நெய்யின் கதைதான். அடுத்து, சுமார் 60 டிகிரியை நெருங்கும்போது புரத வலையின் பிணைப்புகள் தளர்ந்து, வலை முழுவதும் வழுக்கி நகர ஆரம்பிக்கிறது. ஆக, நெய் உருகுவதுபோலச் சீஸ் உருகுவதில்லை, நெகிழ்ந்து ஓடுகிறது. இளகிய தாரைப்போல என்று சொல்லலாம். இதைத்தான் நாம் ‘உருகியது’ என்கிறோம்.

ஆபத்து இதற்குமேல்தான் இருக்கிறது. கொதிநிலை வரை சூடாக்கினால், தளர்ந்த புரதங்கள் கால்சியத்தின் துணையோடு மறுபடியும் நெருங்கி இறுகுகின்றன. ஈரத் துணியை முறுக்கினால் நீர் வடிவதுபோல, இறுகும் வலை தனக்குள்ளிருந்த நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியேற்றுகிறது. ரப்பர் உருண்டையும் மிதக்கும் எண்ணெயும் கிடைப்பது இப்படித்தான்.

நோய் புரிந்துவிட்டது, மருந்தும் உடனே தெரிகிறது. சுவரிலிருந்து சுண்ணாம்பில் ஒரு பகுதியை உருவிவிட வேண்டும். கால்சியத்தைப் பற்றிக்கொள்வதில் சிட்ரேட் அயனிக்கு ஈடு சொல்வது கடினம். சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன் இடத்தில் சோடியம் வந்து அமர்கிறது. கால்சியத்துக்கு இரண்டு கைகள். இரண்டு புரதங்களை இணைக்க வல்லது. சோடியத்துக்கு ஒரே கை. பாலம் போட முடியாது. விடுபட்ட கேசீன் நீரில் நன்றாக விரிந்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் போர்வையாக நின்று, அவற்றை ஒன்றுசேர விடாமல் காக்கிறது. நீரும் கொழுப்பும் இப்படிப் பிரியாமல் கலந்திருக்கும் நிலைக்குப் பால்மம் என்று பெயர். பாலே ஒரு பால்மம்தானே!

இந்த உண்மையை வாணிகமாக்கியவர்கள் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தைச் சேர்ந்த வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும். 1911-இல் அவர்கள் சீஸைச் சோடியம் சிட்ரேட்டுடன் சேர்த்துச் சூடாக்கி, பதப்படுத்திய சீஸை உண்டாக்கினார்கள். அவர்களுடைய நோக்கம் என்ன தெரியுமா? வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பதே. நம்மைப் போன்றவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்றே சொல்லலாம். இன்று நம் மளிகைக் கடையில் டப்பாவிலும் கட்டியாகவும் கிடைப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். மேலுறையைத் திருப்பிப் பாருங்கள். 331 என்ற எண் இருந்தால் அது சோடியம் சிட்ரேட்; 339 என்றிருந்தால் சோடியம் பாஸ்பேட். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். இந்தச் சீஸில் ஃபாண்டூ செய்தால் ஏறக்குறையத் தோல்வியே இல்லை. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: மாதக்கணக்கில் முதிர்ந்த இயற்கைச் சீஸின் மணம் இதில் வராது. பாதிக்குப் பாதி கலப்பது நல்ல சமரசம். பதப்படுத்திய சீஸில் உள்ள சிட்ரேட்டே இயற்கைச் சீஸையும் பெரும்பாலும் காத்துவிடும்.

முழுவதும் இயற்கைச் சீஸே வேண்டும் என்பவர்கள் சோடியம் சிட்ரேட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இதைவிட நல்ல வேதிவினை கிடைப்பது அரிது. எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலத்தில் 3 பங்கும் சமையற் சோடாவில் 4 பங்கும் எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் சீஸுக்கு 8 கிராம் அமிலமும் 10.5 கிராம் சோடாவும் போதும். 200 மில்லிலிட்டர் தண்ணீரில் அமிலத்தைக் கரைத்து, சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும். பெரிய பாத்திரமாக இருக்கட்டும். ஏனென்றால் இந்தச் சிறு அளவிலிருந்தே ஏறத்தாழ 3 லிட்டர் கார்பன் டைஆக்சைடு வெளிவரும். (மோல் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். சிட்ரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 192, சோடாவின் எடை 84. ஓர் அமில மூலக்கூறுக்கு மூன்று சோடா.) நுரை அடங்கியதும் பாத்திரத்தில் இருப்பது சுமார் 11 கிராம் சோடியம் சிட்ரேட்டின் கரைசல்.

சுவிஸ் நாட்டவர் இதெல்லாம் செய்வதில்லையே, வெள்ளைத் திராட்சை மதுவை ஊற்றுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். மதுவில் இங்கே பெரிதும் உதவுவது அதிலுள்ள அமிலம். ஒரு லிட்டரில் சுமார் 6 கிராம் அமிலம் இருக்கும். 200 மில்லிலிட்டர் மதுவில் அது 1.2 கிராம். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு 6 பங்கு சிட்ரிக் அமிலம் என்று கொண்டால், 20 மில்லிலிட்டர் சாறு அதற்குச் சமம். ஒரு நல்ல எலுமிச்சம்பழம் போதும். மது இல்லாமலே வேலை முடிந்தது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கையைத் தூக்குவார்: “ஐயா, எலுமிச்சைச் சாறு பாலைத் திரித்துப் பனீராக்குகிறது என்றீர்கள். அதே சாறு சீஸைத் திரியாமல் காக்கும் என்கிறீர்களே?” நல்ல கேள்வி. விடை அளவில் இருக்கிறது. கொஞ்சம் அமிலம் சேர்ந்தால் கால்சியப் பாலங்கள் சில கரைகின்றன. புரதத்தின் மின்னேற்றம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால் நெகிழ்ச்சி கூடுகிறது. அமிலம் மேலும் சேர்ந்தால் மின்னேற்றமே ஒழிந்து, புரதங்கள் நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன, கட்டி தட்டிவிடுகிறது. ஒரு பழத்தில் நன்மை, நான்கு பழத்தில் பனீர்! மேலே சொன்ன சிட்ரேட் கரைசலைச் சேர்ப்பவர்கள் சாற்றை மணத்துக்காகச் சில துளிகள் விட்டால் போதும்.

ஆறு பேருக்கு

400 கிராம் சீஸைத் துருவிக்கொள்ளுங்கள். துருவுவது அழகுக்காக அல்ல. பெரிய கட்டியின் வெளிப்புறம் சூடேறிக் கெடும்போதும் உள்ளே குளிர்ந்தே இருக்கும். துருவினால் பரப்பு பெருகி வெப்பம் சமமாக ஏறும். துருவலில் இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர், அதாவது வெள்ளை மக்காச்சோள மாவைப் பிசறுங்கள். இந்த இரண்டு கரண்டிக்கும் ஆதாரம் உண்டு. ஜூரிக்கிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஃபாண்டூவின் பாகுநிலையைக் கருவியில் அளந்து வெளியிட்டார்கள். எடையில் 3 விழுக்காடாவது மாவுச்சத்து இருந்தால்தான் அது மீள முடியாதபடி பிரிந்துபோகாமல் நிற்கிறது என்று கண்டார்கள். நம்முடைய மொத்த எடை 600 கிராம். அதில் 3 விழுக்காடு 18 கிராம். தலை தட்டிய இரண்டு மேசைக்கரண்டி. மாவுச்சத்து தண்ணீரில் உப்பி, கொழுப்புத் துளிகளும் புரதமும் தத்தம் கூட்டத்தைத் தேடிச் சேர முடியாதபடி வழியை அடைத்து நிற்கிறது. பதப்படுத்திய சீஸ் மட்டும் என்றால் ஒரு கரண்டி போதும். தண்ணீருக்குப் பதில் பாலும் விடலாம், எலுமிச்சை வேண்டியதில்லை.

சட்டியில் ஒரு பல் பூண்டைத் தேய்த்து, 180 மில்லிலிட்டர் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் விட்டு, ஆவி பறக்கும்வரை மட்டும் சூடாக்குங்கள். சிறு தீயில், ஒவ்வொரு கைப்பிடியாகச் சீஸைப் போட்டு, ஒன்று இளகியபின் அடுத்ததைச் சேருங்கள். கொதிக்கக் கூடாது. உப்பும் போடக் கூடாது. சீஸிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. மிளகுத்தூள் சிறிது தூவலாம்.

கிளறும்போது கரண்டியை வட்டமாகச் சுற்றாமல் எட்டுப்போல ஓட்டச் சொல்வார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. வட்டமாகச் சுற்றினால் கரண்டியோடு சேர்ந்து குழம்பு முழுவதும் ஒரே உடலாகச் சுழலும். அடுத்தடுத்த படலங்களுக்கிடையே சார்பு வேகம் இல்லாவிட்டால் கலப்பு ஏது? எட்டு வடிவில் ஓட்டினால் ஓட்டங்கள் எதிரெதிரே மோதுகின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். கிளறும்போது ஃபாண்டூ இளகலாகவும், நிறுத்தினால் கெட்டியாகவும் தோன்றும். தக்காளி சாஸ் புட்டியைக் குலுக்கினால்தானே ஊற்றுகிறது? அதே குணம். நியூட்டனின் பாகுநிலை விதிக்குக் கட்டுப்படாத பாய்மங்கள் இவை.

எண்ணெய் பிரிவதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரை இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கரைத்து விட்டு, மிதமான சூட்டில் வேகமாக அடியுங்கள். ஆரம்ப நிலையாக இருந்தால் சேர்ந்துவிடும். ரப்பர் உருண்டையே ஆகிவிட்டால் அதை மீட்க வழியில்லை.

தோய்க்க முந்தின நாள் ரொட்டியே நல்லது. புது ரொட்டி மென்மையால் பிய்ந்து சட்டிக்குள் மூழ்கிவிடும். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மேலோடு இருக்குமாறு வெட்டுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் இரண்டும் பொருத்தமானவை. இட்லியைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. இட்லிக்குச் சாம்பார்தான் துணை.

விருந்தினரிடம் ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. ரென்னெட் என்பது பழைய முறையில் இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. சுவிஸ் நாட்டுக் குரூயேர் போன்ற சீஸ்கள் இன்றும் அப்படித்தான் செய்யப்படுகின்றன. சைவ உணவு மட்டும் உண்போர் நிறைந்த எங்கள் ஊரைப் போன்ற இடத்தில் இது சிறிய விஷயம் அல்ல. 1990-இல், கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் புகுத்தி அதே நொதியைத் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் நொதிகளும் உண்டு. நம் அமுக்கராவின் உறவுச் செடி ஒன்றின் காய்களைக் கொண்டு வடமேற்கு இந்தியாவில் பாலை உறைய வைப்பதும் பழைய வழக்கம். நம் நாட்டில் விற்கும் சீஸின் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்த சீஸாக இருந்தால், உண்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், எச்சில். ஆறு பேர் ஒரே சட்டியில் முள்கரண்டியை மாற்றி மாற்றித் தோய்ப்பதை நம் பாட்டிமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுகாதாரப்படி பார்த்தாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிடலாமே என்றால், அங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. பாத்திரம் சிறிதாகச் சிறிதாகக் கன அளவோடு ஒப்பிடும்போது பரப்பு அதிகம். சீக்கிரம் ஆறி இறுகும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவதும், கிண்ணங்களை முன்கூட்டியே வெந்நீரில் சூடேற்றி வைப்பதும் இதற்கு வழி.

அகல் விளக்கின் திறன்

சுவிஸ் நாட்டவர் ஃபாண்டூவுக்குத் தடித்த மண்சட்டியைப் பயன்படுத்துவார்கள். நம்மிடம் அதைவிட மேலான ஒன்று இருக்கிறது: கல்சட்டி. மாக்கல்லில் குடைந்த இந்தச் சட்டியில் வைத்த வற்றல் குழம்பு, அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தடிப்பும் எடையும் மிகுதியாதலால் அதன் வெப்ப ஏற்புத்திறன் அதிகம். சேமித்த வெப்பத்தை மெல்ல மெல்லவே விடும். இந்தக் குணமே இரு பக்கமும் வெட்டும். கொதிக்கக் கூடாத ஃபாண்டூவை, வேண்டிய சூடு வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும்.

மேசையில் சூட்டைக் காக்க மேல்நாட்டில் ஸ்பிரிட் விளக்கு வைப்பார்கள். அதை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஸ்பிரிட்டின் சுடர் வெளிர் நீலம். வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியிலிருந்து மேலும் ஊற்றும்போது, ஆவி தீப்பற்றிப் புட்டிக்குள்ளேயே பாய்ந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் தீயைப் பீய்ச்சும். பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: எரிந்த ஸ்பிரிட் விளக்கு முழுவதும் ஆறும்வரை அதில் ஊற்றாதீர்கள்.

அதற்குப் பதில் அகல் விளக்கே போதுமா? கணக்குப் போடுவோம். 18 சென்டிமீட்டர் விட்டமும் 8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சட்டியின் பக்கமும் மேற்புறமும் சேர்ந்து சுமார் 0.07 சதுர மீட்டர். அசைவற்ற காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 10 ஜூல் இழக்கும். ஃபாண்டூ 65 டிகிரி, அறை 28 டிகிரி என்றால் இழப்பு 0.07 × 10 × 37, அதாவது சுமார் 26 வாட். நீராவியாகப் போவதையும் சேர்த்து 30 வாட் எனலாம். இனி வரவு. ஒரு கிராம் நெய்யோ எண்ணெயோ எரிந்தால் சுமார் 37 கிலோஜூல் கிடைக்கும். ஓர் அகல் மணிக்கு 4 கிராம் எரிக்கிறது என்று கொண்டால் அதன் திறன் சுமார் 41 வாட். இதில் பாதிதான் சட்டியைச் சேரும். மீதி காற்றோடு போகும். ஆக, இரண்டு அகல் வேண்டும். மின்விசிறி ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் காற்றோடு போச்சு, அணைத்துவிடுங்கள்.

4 கிராம் என்று நான் கொண்டது ஒரு மதிப்பீடே. உங்கள் வீட்டு அகல் எவ்வளவு எரிக்கிறது என்பது திரியின் தடிப்பைப் பொறுத்தது. பள்ளித் தராசில் அகலை ஏற்றுவதற்கு முன் ஒரு முறையும், ஒரு மணி நேரம் எரிந்து அணைந்தபின் ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். நெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டால் இன்னும் சுவையாக இருக்கும். சுடர் சட்டியின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் எரிதல் முற்றுப்பெறாமல் கரி படியும்.

எல்லாம் உண்டபின் சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு முறுகல் ஒட்டியிருக்கும். புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் கூடி உண்டான நிறமும் மணமும் அது. பால்கோவா கிண்டிய வாணலியைச் சுரண்டியவர்களுக்கு நன்கு பழக்கமானது. சுவிட்சர்லாந்திலும் இதை விட்டுவைக்க மாட்டார்கள், சுரண்டியெடுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். சுரண்டியபின் கல்சட்டி நன்கு ஆறட்டும். சூடான கல்லில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும். ஆறியபின் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி மாவோ சீயக்காயோ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், நுண்துளைகளில் தங்கி, மறுநாள் வற்றல் குழம்பில் வாசம் காட்டும்.